டார்ச்சு பார்த்த மாப்பிள்ளைகள்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு சினிமாவைக்கூடப் பார்க்காமல் எல்லாச் சினிமாவையும் கரைத்துக் குடித்தவன் ஒரே ஒருத்தன்தான். அவன் எங்கள் தியேட்டர் டார்ச்சு.

படம் ஓடும்போது இருட்டில் வருகிறவர்களுக்கு வெளிச்சம் அடித்து இடம் காட்டுவது அவன் உத்தியோகம். ஆள் எலும்பும் தோலுமாக இருப்பான். கையில் இருக்கிற டார்ச் லைட் மட்டும் பித்தளையில் உலக்கை மாதிரி இருக்கும். தூரத்தில் பார்த்தால் லைட்தான் அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கிறதோ என்று தோன்றும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் அது இடுப்பில் இருக்கும். பட்டப்பகலில் ரோட்டில் உங்களைக் கண்டால் கும்பிட மாட்டான். முகத்தில் ஒரு அடி வெளிச்சம் அடிப்பான். அதுதான் வணக்கம். அவனுடைய சொந்தப் பெயர் அவன் சம்சாரத்துக்கே மறந்துபோய், ரேஷன் கடையில் கேட்டபோது, "டார்ச்சுன்னு போட்டுக்கோங்க" என்று அந்த அம்மாள் சொன்னதாகக் கேள்வி.

நான் அந்தத் தியேட்டரின் கேண்டீன்காரன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் அஞ்சாம் வகுப்போடு ஒத்துவரவில்லை. வீட்டை விட்டு வந்து முறுக்குத் தட்டோடு தியேட்டருக்குள் நுழைந்தவன். இருட்டில் ஒரு முறுக்கு உடையாமல் கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்புவேன். அதே கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்தேன். இன்றைக்கு வண்ணார்பேட்டையில் இரண்டு கடை, பாளையங்கோட்டையில் மாடி வீடு. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். அப்பேர்ப்பட்ட நான் ஒருத்தன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன் என்றால், அவன் லேசுப்பட்டவனாக இருப்பானா?

டார்ச்சுக்கு ஒரு பழக்கம். எல்லோரும் உட்கார்ந்ததும் திரைக்குக் கீழே ஓரமாகப் போவான். திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான். படம் முடிகிறவரை அப்படியே நிற்பான். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டேன்.

"ஏலே, படம் அங்கன ஓடுது. நீ எங்கன பாக்க?"

"அங்கன ஓடுதது எல்லா ஊர்லயும் ஓடும் அண்ணாச்சி. இங்கன ஓடுதது இங்கன மட்டுந்தான்" என்று ஜனங்களின் முகத்தைக் காட்டினான்.

பைத்தியம் என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் பைத்தியத்தின் மகிமை தெரிந்தது. ஒரு பெரிய நடிகர் படம். வாசலில் பாலாபிஷேகம், மேளம், போலீஸ். நான் சமோசாவை மலையாகக் குவித்துவைத்திருந்தேன். முதல் காட்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டார்ச்சு கேண்டீனுக்கு வந்தான்.

"இதோட நிப்பாட்டுங்க அண்ணாச்சி. உள்ள எல்லாவனும் கொட்டாவிய கைதட்டி மறைக்கான்."

நான் கேட்கவில்லை. அந்த வாரம் என் வீட்டில் காலையிலும் சமோசா, மதியமும் சமோசா. தெரு நாய்கள்கூடக் கேண்டீன் பக்கம் வருவதை நிறுத்திவிட்டன.

இன்னொரு படம் வந்தது. நாலு வேலையில்லாத பட்டதாரிப் பையன்கள் கதை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. போஸ்டர் அத்தனை சின்னது. ஆடுகூட அதைத் தின்னாமல் போனது. டார்ச்சு வந்து, "அடுப்ப அணைச்சிராதீங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அந்தப் படம் ஓடிய ஓட்டத்தில்தான் என் முதல் கடைக்கு மாடி எழும்பியது. அன்றிலிருந்து டார்ச்சு சொல்லாமல் நான் ஒரு உருளைக்கிழங்கைக்கூட வேகவைத்ததில்லை.

அந்த மாதிரிப் படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாலைந்து பேர் காலேஜ் முடிப்பார்கள். ஒருத்தனுக்கு வேலை கிடைக்கும், ஒருத்தனுக்குக் கிடைக்காது. ஒரு பெண்ணை இரண்டு பேருக்குப் பிடித்துப்போகும். டீக்கடையில் சண்டை வரும். கடைசியில் யாராவது ஒருத்தன் கல்யாணத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். நான் காலேஜ் வாசலை மிதித்ததே பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கத்தான். எனக்கே கதை மனப்பாடம். ஆனால் டார்ச்சுக்கு அந்தப் படங்கள் என்றால் உயிர்.

"அருவா வெட்டுப் படத்துக்கு எல்லாவன் மூஞ்சியும் ஒண்ணுபோல இருக்கும். பேய்ப் படத்துக்குப் பாதிப் பேரு மூஞ்சிய மூடிக்கிடுதான். சாமி படத்துக்கு எல்லாவனும் நல்லவனா நடிக்கான். இந்தக் காலேஜ் முடிச்ச பிள்ளைய படத்துக்கு மட்டுந்தான் அண்ணாச்சி அவனவன் அவனவன் கதைய பாக்கான். அந்நேரம் பாத்தா ஆளு எப்படின்னு அப்படியே தெரியும்" என்பான்.

இதை ஊருக்கு நிரூபித்ததும் அப்படி ஒரு படம்தான். பக்கத்து ஜவுளிக்கடை அண்ணாச்சி தன் மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். படத்தில் ஒரு பையன் இண்டர்வியூவில் தோற்றுப்போய், வீட்டுக்குப் போன் பேச முடியாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பான். தியேட்டரே மூச்சுவிடவில்லை. மாப்பிள்ளை மட்டும் காலை ஆட்டிக்கொண்டு சிரித்தார். படம் முடிந்து இருட்டில் எல்லோரும் படி இறங்கும்போது டார்ச்சு ஒவ்வொருத்தர் காலடியிலும் வெளிச்சம் அடித்தான். மாப்பிள்ளை முறை வந்ததும் அணைத்துவிட்டான். மாப்பிள்ளை ஒரு படியைத் தவறவிட்டு, முன்னால் போன தபால்காரர் தோளில் ஏறிவிட்டார்.

"ஏன்லே அணைச்ச?" என்று ஜவுளிக்கடை அண்ணாச்சி சண்டைக்கு வந்தார்.

"அடுத்தவன் விழுந்தா சிரிக்கவருக்கு வெளிச்சம் எதுக்கு அண்ணாச்சி?"

அவருக்குச் சுருக்கென்றது. சம்பந்தத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டார். அதற்குள் மாப்பிள்ளை தன்கூடப் படித்தவனுடைய பைக்கைத் திருடிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார் என்று சேதி வந்தது.

அவ்வளவுதான், அது வழக்கமாகிவிட்டது. வண்ணார்பேட்டையில் பெண் வைத்திருக்கிறவர்கள் மாப்பிள்ளையை எதேச்சையாக வந்தது மாதிரி அந்தப் படங்களுக்கு அழைத்து வருவார்கள். டார்ச்சு முகத்தைப் பார்ப்பான். வாயால் எதுவும் சொல்ல மாட்டான். படம் முடிந்ததும் மாப்பிள்ளையின் காலடியில் வாசல்வரைக்கும் வெளிச்சம் போனால் சம்மதம். பாதியில் அணைந்தால் தாம்பூலத்தை மாற்ற வேண்டாம். காலேஜ் படப் போஸ்டர் ஒட்டினால் போதும், கல்யாணத் தரகர்கள் பசை காய்வதற்குள் தியேட்டர் வாசலுக்கு வந்துவிடுவார்கள். டார்ச்சுக்கும் தலை கனத்துப்போனது. மாப்பிள்ளை வீட்டார் யாராவது முறைத்தால், "என்னவே பாக்கீரு? பாக்கது என் வேலை" என்று அவர்கள் முகத்திலேயே அடிப்பான்.

ஒரே ஒரு தடவை சறுக்கினான். அதற்கு நான்தான் காரணம். என்னுடைய மிளகாய் பஜ்ஜி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த மாப்பிள்ளை எழுத்துப் போடும்போது அழ ஆரம்பித்தவர், வணக்கம் போடுகிறவரை அழுதார். டார்ச்சு அசந்துபோய், வாசலோடு விடாமல் பஸ் ஸ்டாப்வரைக்கும் வெளிச்சம் அடித்துக்கொண்டே போனான். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என் கேண்டீனில் நின்று உண்மையைச் சொன்னார்.

"அன்னைக்கு உங்க பஜ்ஜி ரெண்டத் தின்னுட்டு உள்ள போனேன். படத்துல யாரு நடிச்சான்னே தெரியாது மாமா. கண்ணத் தொறந்தால்லா தெரியும்."

டார்ச்சுக்கு முகம் செத்துப்போனது. "இனிமே மாப்பிள்ளைக்கு பஜ்ஜி குடுத்தீங்கன்னா நம்ம சவகாசம் அன்னையோட முடிஞ்சுது" என்று என்னை விரலை நீட்டி எச்சரித்தான்.

"போலே. என் பஜ்ஜி பாத்து வச்ச மாப்பிள்ளை இன்னைக்குவரைக்கும் நல்லாத்தான் இருக்கான்" என்றேன். உண்மையும் அதுதான். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள்.

சில மாப்பிள்ளைகள் சூட்சுமம் தெரிந்துகொண்டு தயாராக வந்தார்கள். ஒருவர் கைக்குட்டையில் தைலம் தடவிக்கொண்டு வந்து, நட்பு பிரிகிற கட்டத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அருவி மாதிரிக் கொட்டியது. டார்ச்சு லைட்டை அணைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"கண்ணு மட்டும் அழுவுது அண்ணாச்சி. மூக்கு, வாயி, தாடையெல்லாம் வேடிக்கை பாக்கு. அழுகைன்னா எல்லாம் சேந்துல்லா அழணும்?"

"அப்பம் உன் பொண்டாட்டிய எந்தப் படத்துலலே பாத்த?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"அன்னைக்கு கரண்டு இல்ல அண்ணாச்சி" என்றான்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒரே பெண், கோமதி. கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் முடித்தாள். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். காலேஜ் முடித்ததற்கு வண்ணார்பேட்டை முழுக்க அவளுக்குப் போஸ்டர் ஒட்டினவன் நான். அவள் வெட்கப்பட்டு வெளியே வரவில்லை. ஆறு மாதத்தில் அம்பாசமுத்திரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. வங்கி உத்தியோகம், அடக்கமான பையன். எங்கே தேடினாலும் கிடைக்காத சம்பந்தம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். மண்டபம்கூடப் பார்த்தாயிற்று. டார்ச்சு வெளிச்சம் அடிப்பது ஒன்றுதான் பாக்கி.

"உங்க கூட்டாளி லைட் அடிச்சாத்தான் எம் பொண்ணுக்குக் கல்யாணமா?" என்றாள் என் சம்சாரம்.

"ஆமாட்டி. ஊருக்கெல்லாம் பாத்தவன் எனக்குப் பாக்காண்டாமா?"

நல்லவேளையாக ஒரு படம் வந்தது. வழக்கமாகப் பையன்கள் கதையாக இருக்கும். இது நாலு பெண்பிள்ளைகள் கதை. நம்ம ஊர் மாதிரி ஒரு ஊரில் காலேஜ் முடித்துவிட்டு, வேலைக்காகச் சென்னைக்குப் போய் ஒரே அறையில் தங்குகிறார்கள். மதியக் காட்சிக்கு மாப்பிள்ளை வீட்டாரை வரச்சொன்னேன். நடு வரிசையில் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, பக்கத்தில் என் சம்சாரம், அதற்கு அடுத்து ஓரத்தில் கோமதி. பஜ்ஜிச் சட்டியைக் கவிழ்த்துவைத்துவிட்டு நான் சுவர் ஓரமாக நின்றேன். டார்ச்சு மாப்பிள்ளையைப் பார்த்தான். நான் டார்ச்சைப் பார்த்தேன். என் சம்சாரமும் மாப்பிள்ளையின் அம்மாவும் நகை டிசைன் பேசினார்கள். எங்கள் கூட்டத்தில் படம் பார்த்தவர்கள் மாப்பிள்ளையும் கோமதியும்தான்.

மாப்பிள்ளை சரியான இடத்தில் சிரித்தார், சரியான இடத்தில் தொண்டையைச் செருமினார். டார்ச்சு தலையை ஆட்டிக்கொண்டான். என் நெஞ்சு விம்மியது. அப்புறம் ஒரு வாளிச் சண்டை வந்தது. சென்னை அறையில் விடிகாலையில் மட்டும் தண்ணீர் வரும். நாலு பேருக்கும் ஒரே வாளி. ஒருத்தி தலையில் சோப்பு நுரையோடு நிற்க, இன்னொருத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட, தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. நானும் சிரித்தேன். டார்ச்சு சிரிக்கவில்லை. அவன் பார்வை மாப்பிள்ளையை விட்டு நகர்ந்து வரிசையின் ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

படம் முடிந்தது. டார்ச்சு மாப்பிள்ளை காலடியில் வெளிச்சம் அடித்தான். படி, நடை, வாசல், அதையும் தாண்டிச் சாயங்கால வெயிலில் பைக் நிறுத்துகிற இடம்வரை அடித்தான். அப்படி ஒரு வெளிச்சம் யாருக்கும் விழுந்ததில்லை. மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சம்சாரம் அவர்களை வழியனுப்ப நின்றுவிட்டாள். கோமதியைக் காணோமே என்று நான் உள்ளே போனேன்.

டார்ச்சு எனக்கு முன்னால் போயிருந்தான். கோமதி எழுந்திருக்கவே இல்லை. துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை மறைத்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, லைட்டை அணைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தபடி டார்ச்சு நின்றான். "இது வழி இல்ல, அங்கிட்டுப் போங்க, அங்கிட்டுப் போங்க" என்று மிச்சக் கூட்டத்தை மறுபக்கம் விரட்டிக்கொண்டிருந்தான்.

அவனைக் கேண்டீன் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "ஏலே, மாப்பிள்ளைக்குத்தான லைட் அடிச்ச? பிறகு என்னலே?"

"மாப்பிள்ளை தங்கம் அண்ணாச்சி. அதுல மாத்தம் இல்ல. பிள்ளைதான் இங்கன இல்ல."

"உன்னை மாப்பிள்ளையத்தான பாக்கச் சொன்னேன். எம் பொண்ண யாருலே பாக்கச் சொன்னா?"

"ஒருத்தரப் பாத்தா வரிசை முழுக்கத் தெரியுதே, நான் என்ன செய்ய?" என்றான். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "எல்லாரும் அழையில அழுதா அது படத்துக்கு. எல்லாரும் சிரிக்கையில அழுதா அது படத்துக்கு இல்ல அண்ணாச்சி. பைய கேளுங்க. சத்தம் போடாதீங்க" என்றான்.

எனக்குப் பைய கேட்டுப் பழக்கம் கிடையாது. இருந்தாலும் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டேன். காலேஜ் கூட்டாளிகள் மூன்று பேர் சென்னையில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்களாம். நாலாவது கட்டில் இவளுக்காகக் காலியாகக் கிடக்கிறதாம். வேலையும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் வருகிறேன் என்று சொல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"ஏட்டி, இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேம்ப்பா. நீங்க மண்டபம் பாத்துட்டு வந்து சிரிச்சுக்கிட்டே நின்னீங்க. அவ்வளவு சந்தோசமா உங்களப் பாத்ததே இல்ல. எப்படிச் சொல்ல?"

நான் கேண்டீனில் போய் உட்கார்ந்தேன். அடுத்த காட்சிக்குக் கூட்டம் வந்தது; கடையைத் திறக்கவில்லை. டார்ச்சு டீயை ஆற்றி என் முன்னால் வைத்தான்.

"மாப்பிள்ளை வீட்டுல என்னத்தச் சொல்லுவேன்? ஊரு சிரிக்கும்லா?" என்றேன்.

"சிரிக்கட்டும். நீங்க முறுக்கு விக்க வீட்ட விட்டு வந்தியள, அன்னைக்கு எந்த ஊரக் கேட்டிய?"

என்னை இப்படிக் கேட்க இந்த உலகத்தில் வேறு ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. டீயைக் குடித்துவிட்டு அம்பாசமுத்திரத்துக்குக் காரை எடுத்தேன். யார் முன்னாலும் தலை குனிந்து பேசுகிற ஆள் இல்லை நான், அன்றைக்கும் குனியவில்லை. விஷயத்தை உடைத்துச் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தார்.

"டார்ச்சு வெளிச்சம் அடிச்ச பிறகு கல்யாணத்த நிப்பாட்டுனது நீருதான்வே முதல் ஆளு" என்றார்.

எதிலும் முதல் ஆளாக இருப்பதுதான் என் வழக்கம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். மாப்பிள்ளைதான் நிலைமையைக் காப்பாற்றினார். "அந்த வாளிச் சீன்ல அவங்க அழுதத நானும் பாத்தேம்ப்பா. அவங்க போயிட்டு வரட்டும்" என்றார். தங்கம் என்றால் தங்கம்தான். அடுத்த வருஷம் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டார். நான் போய் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இதில் அடி விழுந்தது டார்ச்சுக்குத்தான். வாசலைத் தாண்டி வெளிச்சம் அடித்தும் கல்யாணம் நடக்கவில்லை, டார்ச்சு வெளிச்சம் இனிமேல் செல்லாது என்று ஊர் பேசியது. தரகர்கள் வருவதை நிறுத்தினார்கள். இப்படி ஆகும் என்று அவனுக்கு முன்னாலேயே தெரியாமலா இருக்கும்? மாப்பிள்ளைக்கு லைட் அடித்துவிட்டுப் பேசாமல் போயிருந்தால் அவன் பெயர் அப்படியே இருந்திருக்கும். நான் இதைக் கேட்டபோது, "மாப்பிள்ளைக்கு அடிச்ச வெளிச்சம் சரிதான். கல்யாணத்துக்கு நான் எப்பம் அடிச்சேன்?" என்றான். அதற்கு மேல் ஒரு வருத்தமும் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எத்தனையோ பெரிய மனுஷர்களோடு நான் பழகியிருக்கிறேன். சம்பாதித்த பெயரை இப்படி ஒரு பெண்பிள்ளைக்காகக் கீழே போட்டுவிட்டு டீ ஆற்றினவனை நான் பார்த்ததில்லை.

கோமதி சென்னைக்குக் கிளம்பிய சாயங்காலம் வண்ணார்பேட்டை பைபாஸில் பஸ்ஸுக்காக நின்றோம். சம்சாரம் அழுது மூக்கைச் சிந்தினாள். கோமதி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். டார்ச்சு சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். அவள் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "பிள்ளை இங்கனதான் இருக்கு" என்றான். அவள் அவன் காலைத் தொடப்போக, இவன் துள்ளிக் குதித்துப் பின்னால் போய் ஒரு பூக்காரியை மிதித்து வசவு வாங்கினான்.

பஸ் வந்தது. அவள் ஏறினாள். ஜன்னலில் கையை ஆட்டினாள். பஸ் நகர்ந்ததும் டார்ச்சு என் பக்கம் திரும்பப்போனான்.

"ஏலே, இங்கன பாக்காத" என்றேன்.

"பாக்கல அண்ணாச்சி."

ரோட்டோரத்து வாழைப்பழக் கடையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். பஸ் பாலத்தின் பக்கம் வளைந்து மறையும்வரை அப்படியே நின்றான். அவ்வளவு நேரம் அவன் ஒரு முகத்தைப் பார்க்காமல் இருந்து நான் கண்டதில்லை. அப்புறம், திரும்பாமலே, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன்.